70-க்கும் 71-க்கும் நடுவே: உளவியல் சோதனைகள் எதை அளக்கின்றன?

உளவியல் சோதனை என்பது ஒருவருடைய நடத்தையில் ஒரு சிறு பகுதியை, எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைத்த சூழலில் பார்த்து, அதற்கு ஓர் எண் தருகிற முறை. நுண்ணறிவு, நினைவாற்றல், பதற்றம், ஆளுமை எதையும் கண்ணால் காண முடியாது. காணக்கூடியது ஒருவர் செய்வதும் சொல்வதும் மட்டும்தான். அதை வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, எந்த இடத்தில் தவறும் என்று கணக்கிடுவதற்குத்தான் இந்தத் துறை நூறாண்டுக்கு மேலாக உழைத்திருக்கிறது.

நுண்ணறிவை அளக்கும் வெக்ஸ்லர் சோதனைகளில் கட்டை அடுக்கும் பகுதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டையிலும் சில பக்கங்கள் சிவப்பு, சில வெள்ளை, சில குறுக்கே பாதிப் பாதி. அட்டையில் காட்டப்படும் வடிவத்தைக் கட்டைகளால் குறித்த நேரத்துக்குள் உருவாக்க வேண்டும். சோதனை நடத்துபவர் கையேட்டில் உள்ள வாக்கியத்தை அப்படியே சொல்கிறார். குழந்தை சரியாக அடுக்கினாலும் "சரி" என்று சொல்லக் கூடாது, தவறினாலும் முகத்தில் காட்டக் கூடாது. ஒருவர் உற்சாகப்படுத்தி, இன்னொருவர் அதட்டி நடத்தினால் இரண்டு குழந்தைகளின் மதிப்பெண்களை ஒப்பிட முடியாது. இந்த ஒரே சீரான நடைமுறைக்குத்தான் தரப்படுத்துதல் என்று பெயர்.

ஆனால் பயிற்சி பெற்றவரின் கண் மதிப்பெண்ணோடு நின்றுவிடாது. ஒரு குழந்தை அட்டையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மளமளவென்று அடுக்கும். இன்னொன்று கட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, நேரம் முடிந்து பத்து நொடி கழித்துச் சரியாக முடிக்கும். மூன்றாவது குழந்தை முதல் கட்டையைத் தொட்டதுமே "எனக்குத் தெரியாது" என்று கையை எடுத்துக்கொள்ளும். பின்னால் சொன்ன இரண்டுக்கும் அந்த வடிவத்தில் பூஜ்யம்தான். அந்த இரு பூஜ்யங்களுக்கும் உள்ள வித்தியாசம் மதிப்பெண் கட்டத்தில் பதிவாகாது, ஓரத்தில் எழுதும் குறிப்பில்தான் பதிவாகும். சோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சோதனை ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணோடு நேர்காணல், வளர்ச்சி வரலாறு, பள்ளித் தகவல், நேரில் கண்டது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது மதிப்பீடு.

பாரிஸில் பிறந்த அளவுகோல்

அறிவை அளக்க முதலில் எடுத்த முயற்சிகள் புலன்களைச் சுற்றியே நின்றன. 1884-இல் லண்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் ஓர் அளவை நிலையம் அமைத்தார். மூன்று பென்னி கட்டணம் கொடுத்தவர்களின் பார்வைக் கூர்மை, செவித்திறன், கைப்பிடி வலு, எதிர்வினை வேகம் எல்லாம் அளக்கப்பட்டன. கூர்மையான புலன் உள்ளவர் கூர்மையான அறிவாளியாகவும் இருப்பார் என்பது எண்ணம். அமெரிக்காவில் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் அதே வழியில் சோதனைகள் வகுத்தார். 1901-இல் கிளார்க் விஸ்லர் அந்தச் சோதனை முடிவுகளைக் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை. அளவு துல்லியமாக இருந்தது, ஆனால் அளக்க நினைத்ததை அது அளக்கவில்லை.

பிரான்சில் ஆல்பிரட் பினே வேறு வழியில் போனார். சாதாரண வகுப்பில் ஈடுகொடுக்க முடியாத குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய 1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. அத்தகைய குழந்தைகளை ஆசிரியரின் விருப்பு வெறுப்பை நம்பாமல் அடையாளம் காண ஒரு வழி தேவைப்பட்டது. பினேயும் தியோடர் சிமோனும் 1905-இல் முப்பது பணிகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தினார்கள். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது முதல் பணி. தாளில் சுற்றிய இனிப்பைத் தாளைப் பிரித்துத் தின்பது இன்னொன்று. கடைசியில் அருவமான இரண்டு சொற்களுக்கு இடையே பொருள் வேறுபாடு சொல்ல வேண்டும். புலன் கூர்மையை விட்டுவிட்டுப் புரிதல், தீர்ப்பு, தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் திறன் ஆகியவற்றைத் தேடியதுதான் பினே செய்த பெரிய மாற்றம்.

1908-இல் பணிகள் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டன. ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் செய்கிற பணிகளை ஒரு குழந்தை செய்தால் அதன் மன வயது ஆறு. பினே இந்த எண்ணைப் பிறவி முத்திரையாகக் கருதவே இல்லை. பின்தங்கிய குழந்தைகளுக்குக் கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளையும் அவரே வகுத்தார். உதவிக்கு ஆள் தேடிச் செய்த கருவி அது. 1911-இல் அவர் இறந்தார்.

அதன் பிறகு கருவி கைமாறியது. 1912-இல் ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916-இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் அதை நூறால் பெருக்கினார். இன்று ஊரெல்லாம் சொல்லும் ஐ.க்யூ., நுண்ணறிவு ஈவு, அப்படி வந்தது. எட்டு வயதுக் குழந்தையின் மன வயது ஆறு என்றால் ஈவு 75. பல பணிகளின் விரிவான குறிப்பு ஒற்றை எண்ணாகச் சுருங்கியதும் அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடிந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஹென்றி காடர்டு அதை நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோனார். பல நாள் கப்பல் பயணம் முடிந்து இறங்கிய, ஆங்கிலம் தெரியாத யூத, இத்தாலிய, ஹங்கேரிய, ரஷ்யக் குடியேறிகளில் சிலர் மொழிபெயர்ப்பாளர் மூலம் சோதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று 1917-இல் அவர் எழுதினார். அதே ஆண்டு ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் அமெரிக்க ராணுவம் சோதனைகளைத் தொடங்கி, ஏறக்குறைய 17 லட்சம் பேரைச் சோதித்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா. படத்தில் என்ன விடுபட்டிருக்கிறது என்பது பீட்டாவின் ஒரு பகுதி: வலை இல்லாத டென்னிஸ் மைதானம், குழல் இல்லாத கிராமபோன். டென்னிஸ் மைதானத்தையே பார்த்திராத ஓர் ஏழை விவசாயியின் அறிவைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லாது. இந்தத் தரவுகளை வைத்து 1923-இல் கார்ல் பிரிகாம், இனங்களை மேல் கீழ் என்று அடுக்கி ஒரு நூல் எழுதினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1930-இல், அந்த முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று அவரே கைவிட்டார். அதற்குள் 1924-ஆம் ஆண்டின் கடுமையான குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. உளவியல் சோதனையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகக் கூடாது. சோதனையின் நுட்ப விதிகள் ஒவ்வொன்றும் ஏன் தேவைப்படுகிறது என்பது இங்கேதான் தெரிகிறது.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கூட்டம்

முதல் விதி ஒப்பீடு. ஒரு சோதனையில் 34 மதிப்பெண் என்றால் அது நல்லதா, மோசமா? எடுத்தவரின் வயதை ஒத்த, அவரைப் போன்ற பலர் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாதவரை அதற்குப் பொருளே இல்லை. அதற்காகச் சோதனையை வெளியிடும் முன் ஒரு பெரிய மாதிரிக் குழுவுக்கு வைத்து அட்டவணை தயாரிக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் இதை நார்ம்ஸ் என்பார்கள்.

நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்ட சோதனை மன வயதைக் கைவிட்டது. முப்பது வயதுக்காரருக்கு மன வயது நாற்பது என்பதில் பொருள் இல்லை. மாறாக, அவரவர் வயதுக் குழுவின் சராசரியை 100 என்று வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்று பார்த்தார். அந்த விலக்கத்தின் அலகு 15. இதன்படி நூற்றில் 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையே வருவார்கள், 95 பேர் 70-க்கும் 130-க்கும் இடையே. 70-க்குக் கீழே சுமார் இரண்டு பேர். இன்று சொல்லப்படும் ஐ.க்யூ. வகுத்துப் பெருக்கிய ஈவு அல்ல, கூட்டத்தில் ஒருவர் நிற்கும் இடம்.

கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சோதனை மதிப்பெண்கள் ஏறி வந்திருப்பதை ஜேம்ஸ் ஃபிளின் 1980-களில் காட்டினார். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு மூன்று புள்ளி அளவு. பழைய அட்டவணையோடு இன்றைய குழந்தையை ஒப்பிட்டால் அது இருப்பதைவிட உயர்ந்த எண்ணைப் பெறும். முப்பதாண்டுப் பழைய நார்ம்ஸ் என்றால் வேறுபாடு ஒன்பது புள்ளி வரை போகலாம். உதவி கிடைக்கவேண்டிய ஒரு குழந்தை அதனாலேயே வரம்புக்கு மேலே போய்விடலாம்.

இரண்டாவது விதி நம்பகத்தன்மை. அதே ஆளுக்கு அதே சோதனையைச் சில வாரம் கழித்து வைத்தால் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். இருவர் தனித்தனியே திருத்தினாலும் மதிப்பெண் ஒத்துப்போக வேண்டும். இந்த ஒப்புமையை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள். நல்ல நுண்ணறிவுச் சோதனைகளில் அது 0.95-ஐத் தாண்டும். உளவியலில் இவ்வளவு உறுதியான அளவைகள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் பிழை ஒழிவதில்லை. நம்பகத்தன்மை 0.96 என்றால் அளவைப் பிழை 3 புள்ளி. இருபுறமும் அதன் இரு மடங்கை வைத்து, 100 எடுத்த ஒருவரின் உண்மையான நிலை பெரும்பாலும் 94-க்கும் 106-க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்றுதான் அறிக்கை சொல்ல முடியும்.

இந்தச் சில புள்ளிகள் ஓர் உயிரைத் தீர்மானித்ததுண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. ஆனால் புளோரிடா மாநிலம் ஐ.க்யூ. 70 என்று கறாராகக் கோடு போட்டது. அதற்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும் வேறு எந்தச் சான்றையும் நீதிமன்றம் பார்க்காது. ஃபிரெடி லீ ஹால் என்ற கைதியின் மதிப்பெண் 71. 2014-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. சோதனையை உருவாக்கியவர்களே ஒப்புக்கொள்ளும் அளவைப் பிழையைச் சட்டம் மட்டும் இல்லையென்று கருத முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பாடநூலில் ஒரு பத்தியாகக் கிடந்த புள்ளியியல் கருத்து அன்று அரசியல் சட்டப் பிரச்சினையானது.

மூன்றாவது விதி ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததைத்தான் சோதனை அளக்கிறதா என்பது. ஒரு தராசு எப்போது நிறுத்தாலும் இருநூறு கிராம் கூட்டியே காட்டினால் அது மாறாத தராசுதான், சரியான தராசு அல்ல. கால்டனின் சோதனைகள் விழுந்தது இந்த இடத்தில். ஒரு சோதனையின் ஏற்புடைமையை நிலைநாட்டச் சான்றுகளைப் பல பக்கமிருந்தும் திரட்ட வேண்டியிருக்கிறது. கேள்விகள் விஷயம் முழுவதையும் தொடுகின்றனவா? பிற்காலத்துப் படிப்பையோ வேலையையோ மதிப்பெண் முன்கூட்டிச் சொல்கிறதா? ஒரே பண்பை அளக்கும் மற்ற சோதனைகளோடு ஒத்துப்போகிறதா? ஏற்புடைமை சோதனைக்கு நிரந்தரமாகக் கிடைத்துவிடும் பட்டமும் அல்ல. ஒரு வகுப்பறைத் தேவைக்கு ஏற்ற சோதனை ராணுவ ஆள்சேர்ப்புக்கு ஏற்காமல் போகலாம்.

கேள்வித்தாளும் மைத்தடமும்

ஆளுமையை அளப்பதில் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் இங்கே சரியான விடை என்று ஒன்றில்லை, பதில் சொல்பவர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளவும் முடியும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்தவேயும் மெக்கின்லியும் உருவாக்கி 1943-இல் வெளியான எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமைக் கேள்வித்தாள் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு கூற்று எதை அளக்கிறது என்று அவர்கள் முன்கூட்டி யூகிக்கவில்லை. நோயாளிகளும் மருத்துவமனைக்கு அவர்களைப் பார்க்க வந்த உறவினர்களும் எந்தக் கூற்றுகளுக்கு வெவ்வேறாகப் பதில் சொன்னார்களோ அவற்றையே வைத்துக்கொண்டார்கள். கூடவே பொய்யைக் கண்டறியும் அளவுகளையும் சேர்த்தார்கள். ஒருபோதும் கோபப்பட்டதில்லை, எந்நாளும் சின்னப் பொய்கூடச் சொன்னதில்லை என்ற தொனியில் வரிசையாகப் பதில் வந்தால், மற்ற மதிப்பெண்களையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 567 கூற்றுகள்.

புறத்தேற்றுச் சோதனைகள் எதிர்த் திசையில் போகின்றன. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷா 1921-இல் பத்து மைத்தட அட்டைகளை வெளியிட்டார், அடுத்த ஆண்டே இறந்தார். தெளிவற்ற உருவத்தில் ஒருவர் காண்பது அவருடைய மனத்தின் போக்கைக் காட்டும் என்பது அடிப்படை. என்ன கண்டார் என்பதைக் காட்டிலும், தடத்தின் எந்தப் பகுதியில் கண்டார், நிறத்தால் கண்டாரா வடிவத்தால் கண்டாரா என்பதையே ரோர்ஷா முக்கியமாகக் கருதினார். இன்றுவரை ஆய்வாளர்கள் இதில் இரண்டுபட்டே நிற்கிறார்கள். சிந்தனைக் குழப்பத்தை அது ஓரளவு காட்டுகிறது, மற்றபடி அதன் பேரில் சொல்லப்படும் பலவற்றுக்குச் சான்று பலவீனம் என்பதே நியாயமான நிலை.

ஹார்வர்டில் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி முர்ரேயும் 1935-இல் அறிமுகப்படுத்திய, படம் பார்த்துக் கதை சொல்லும் டி.ஏ.டி. சோதனையை இந்தியாவில் ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் போன இளைஞர்கள் நன்றாக அறிவார்கள். பெங்களூரு, போபால் போன்ற இடங்களில் நடக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் ஒரு படம் முப்பது நொடி காட்டப்படும். நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். மொத்தம் பன்னிரண்டு அட்டைகளில் ஒன்று வெற்று அட்டை. தொடர்ந்து அறுபது சொற்கள், சொல்லுக்குப் பதினைந்து நொடி, மனத்தில் முதலில் எழுவதை எழுத வேண்டும். பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்த வீரக் கதைகள் இந்த வேகத்தில் உதவுவதில்லை. எழுதியது நேர்காணலோடும் குழுப் பணிகளோடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரே ஒரு சோதனையை நம்பாமல் பல வழிகளில் ஒரே ஆளைப் பார்க்கும் இந்த ஏற்பாடுதான் அந்தத் தேர்வின் பலம்.

மனநலத் துறையில் மிகப் பரவலாகப் புழங்குவது சிறு வடிகட்டும் கேள்வித்தாள்கள். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ.-9 அவற்றில் ஒன்று. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். 2001-இல் வந்த மூல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரை அது சரியாகக் கண்டது, இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரம் பேரில் 50 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் நிலைமை வேறு. 50-இல் 44 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 950 பேரில் 114 பேரும் பிடிபடுவார்கள். ஆக, பத்தை எட்டிய 158 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 44 பேர், நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். செல்போனில் கேள்வித்தாள் நிரப்பிவிட்டு "எனக்கு டிப்ரஷன்" என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு. வடிகட்டி சொல்வது "மருத்துவரைப் பாருங்கள்" என்பது வரைதான்.

இந்தியக் குழந்தைக்கு எந்த அளவுகோல்?

வெளிநாட்டுச் சோதனையை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாது என்பது ஆரம்பத்திலேயே உணரப்பட்டது. லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் 1922-இல் பினே சோதனையை இந்துஸ்தானியில் அமைத்தார். தார்வாடில் வி.வி. காமத் 1934-இல் கன்னடத்திலும் மராத்தியிலும் கொண்டுவந்தார். பினே–காமத் என்ற பெயர் இந்திய மருத்துவமனைகளில் பல தலைமுறை நிலைத்தது. எழுத்தறிவு இல்லாத சிறுவர்களையும் மனத்தில் கொண்டு சி.எம். பாட்டியா 1955-இல் ஐந்து செய்கைச் சோதனைகளை உருவாக்கினார். நாக்பூரில் ஆர்தர் மாலின் 1969-இல் வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனையை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றினார். பிற்காலத்தில் வெக்ஸ்லர் சோதனைகளுக்கே இந்தியப் பதிப்புகளும் வந்தன. இருந்தும் பல அறைகளில் அந்தப் பழைய சோதனைப் பெட்டிகள்தான் இன்னும் திறக்கப்படுகின்றன. ஃபிளின் காட்டிய ஏற்றத்தை நினைத்தால் இது சாதாரணக் குறை அல்ல.

மொழிமாற்றத்தில் சொல்லை மாற்றுவது எளிய பாதி. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியை எந்த மொழியிலும் எளிதாக நடத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் வேல்ஸ் குழந்தைகள் அதில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைவிடப் பின்தங்கியதற்குக் காரணம், வேல்ஸ் மொழியில் எண்களின் பெயர்களைச் சொல்ல அதிக நேரம் பிடிப்பதே என்று 1980-இல் எல்லிஸும் ஹென்னலியும் காட்டினார்கள். நினைவு குறையவில்லை, சொல் நீண்டது. எனவே தமிழில் வைத்த சோதனைக்குத் தமிழ்க் குழந்தைகளிடம் எடுத்த நார்ம்ஸ்தான் வேண்டும், ஆங்கில அட்டவணையைக் கடன் வாங்க முடியாது.

சிந்திக்கும் பழக்கமே வேறாக இருப்பதும் உண்டு. சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1930-களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தான் விவசாயிகளிடம் சுத்தி, ரம்பம், கோடரி, மரக்கட்டை என்ற நான்கில் சேராதது எது என்று கேட்டார். கருவிகள் மூன்று, கட்டை தனி என்பது பள்ளி விடை. அவர்களோ எதையும் விலக்க மறுத்தார்கள். கட்டை இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை? பள்ளிக்குப் போகாதவரின் கண்ணில் அது முழுக்க நியாயமான பதில். மதிப்பெண் அட்டவணையில் அதற்குப் பூஜ்யம்.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் இந்தச் சோதனைகளைச் சந்திப்பது பெரும்பாலும் சான்றிதழ் தேவையில்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பைத் தொட்டால்தான் பல சலுகைகள் திறக்கின்றன. கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைப்பது சான்றிதழைக் காட்டிய பிறகுதான். ஓர் எண்ணின் மேல் இவ்வளவு பாரம் ஏறும்போது, அது எப்படி எடுக்கப்பட்டது என்பது முக்கியம். பேருந்தில் மூன்று மணி நேரம் வந்து, காலை உணவு இல்லாமல், முன்பின் தெரியாத அறையில் உட்காரும் ஏழு வயதுக் குழந்தையின் மதிப்பெண் அதன் திறனைக் குறைத்தே காட்டும். கேள்விக்குப் பதில் வராததற்குக் காது கேளாமை காரணமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அறிவுசார் குறைபாட்டை முடிவு செய்ய ஐ.க்யூ. மட்டும் போதாது. தானே உடுத்துதல், கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருதல், பிறரோடு பழகுதல் போன்ற அன்றாடத் திறன்களையும் அளக்க வேண்டும். வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் இங்கே பயன்படுவது அதற்காகவே.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அவர் தரும் அறிக்கையில் எந்தச் சோதனை, எந்த மொழியில், எந்த ஆண்டின் நார்ம்ஸை வைத்து என்பதும், எண்ணோடு அதன் பிழை எல்லையும், சோதனை நேரத்தில் குழந்தை எப்படி இருந்தது என்பதும் இருக்க வேண்டும். பள்ளியும் வீடும் அடுத்து என்ன செய்யலாம் என்ற பகுதி இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான். குழந்தைகளின் மதிப்பெண்கள் மாறக்கூடியவை. அதனால் சில ஆண்டுகள் கழித்து மறுபடி மதிப்பிட வேண்டும், அதே சோதனையை உடனே திரும்ப வைத்தால் பழக்கத்தாலேயே எண் ஏறிவிடும். முடிவுகளைத் தங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு. சோதனையின் கேள்விகளையும் அட்டைகளையும் மட்டும் யாருக்கும் நகலெடுத்துக் கொடுப்பதில்லை. முன்கூட்டிப் பார்த்தவரிடம் அந்தச் சோதனை பிறகு எதையும் அளக்காது.